அஞ்ஞானிகள் பிள்ளை

பாண்டியராஜைப் பயந்தாங்கொள்ளி என்று ஆபீஸ் முழுக்கச் சொல்லி வைத்தவன் நான்தான். பத்தொன்பது வருஷமாக எனக்கு அடுத்த மேசை அவருடையது. எந்த இலாகா என்பது வேண்டாம். சங்கரன்கோவிலில் ஒரு மாடியில் இருக்கும் அரசாங்க அலுவலகம், கீழே தறிச் சத்தம், மேலே ஓட்டை மின்விசிறிச் சத்தம், அவ்வளவு போதும். என் பெயர் கோமதிநாயகம். எனக்கு நாலு வருஷ சர்வீஸ் பாக்கி, அவருக்குப் பன்னிரண்டு. அவர் என்னை அண்ணாச்சி என்பார். நான் அவரை ‘வே’ போட்டுப் பேசுவேன், வாய்த்த நேரமெல்லாம் கேலியும் செய்வேன்.

கேலி செய்ய அவரிடம் நிறைய இருந்தது. வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து உட்காருவார். பத்து நிமிஷம் கழித்துப் போய், போட்ட கையெழுத்து அங்கேயே இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருவார். வாசலில் ஜீப் நின்றால் சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொள்வார். பழுப்புக் கவர் எது வந்தாலும், அது யாருக்கு வந்திருந்தாலும், அவர் முகம் ஒரு சுற்று சிறுத்துவிடும். தன்னுடைய சான்றிதழ்கள் ஒவ்வொன்றுக்கும் மூன்று நகல் எடுத்து, மூன்று இடத்தில் வைத்திருந்தார். வீடு எரிந்தால் ஆபீஸில் ஒன்று, ஆபீஸ் எரிந்தால் மைத்துனர் வீட்டில் ஒன்று. “மூணும் ஒரே நாள்ல எரிஞ்சா என்னவே செய்வீரு?” என்று ஒருநாள் கேட்டேன். அன்றைக்கு மத்தியானம் அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

அதெல்லாம் அவருடைய பிறவிக் குணம் என்று நினைத்திருந்தேன். எனக்குப் பயமில்லாமல் இருந்ததும் என் பிறவிக் குணம் என்றுதான் நினைத்திருந்தேன்.

அவருக்குச் சொந்த ஊர் இளையரசனேந்தல் பக்கம், மழையை நம்பிய கரிசல் பூமி. அப்பா மூக்காண்டி அடுத்தவர் புஞ்சையில் வேலை செய்தவர், செத்துப் பல வருஷமாகிறது. பாண்டியராஜ் அரசு விடுதியில் தங்கிப் படித்து, பரீட்சை எழுதி, எஸ்.சி. ஒதுக்கீட்டில் இந்த வேலைக்கு வந்தார். ஒரே மகள் அனு. கணக்கில் எம்.எஸ்சி. முடித்துவிட்டு அவளும் சர்வீஸ் கமிஷன் பரீட்சை எழுதித் தேறியிருந்தாள். அடுத்த மாதம் சென்னையில் சான்றிதழ் சரிபார்ப்பு என்று கடிதம் வந்திருந்தது. அவர் சிரித்த முகமாக ஆபீசுக்கு வந்து நான் பார்த்தது அந்தக் கடிதம் வந்த நாளில்தான். எல்லாருக்கும் அல்வா வாங்கிக் கொடுத்தார்.

வினை அனுவின் ஆசையில்தான் தொடங்கியது. தன் குடும்பத்தின் வம்சாவளியை எழுத வேண்டும் என்று அவளுக்கு ஓர் எண்ணம். அப்பாவுக்கு அப்பா மூக்காண்டி, அவருக்கு அப்பா மாடசாமி, அம்மா முருகம்மாள். அதற்கு மேல் யார் பெயரும் வீட்டில் யாருக்கும் தெரியாது. எங்கள் வீட்டில் அப்படியில்லை. பீரோவைத் திறந்தால் நிலப் பத்திரங்களில் எட்டுத் தலைமுறை இன்னார் மகன் இன்னார் என்று வரிசையாக இருக்கிறது. நிலம் இல்லாதவர்கள் பெயரை யார் எழுதி வைத்தார்கள்? தேடிப் பார்த்ததில் ஒரே ஓர் இடம் அவளுக்குத் தட்டுப்பட்டது. அவர்கள் ஊருக்குப் பக்கத்தில் ஓர் அந்தோணியார் கோயில் உண்டு. எங்கள் பக்கத்தில் சர்ச்சை வேதக்கோயில் என்போம். கிறிஸ்தவராவதற்கு வேதத்தில் சேர்வது என்று பெயர். அந்த வேதக்கோயிலின் நூற்றாண்டு விழாவுக்காக, வெளிநாட்டில் வேலை பார்க்கும் அந்த ஊர்ப் பையன்கள் 1942-இல் தொடங்கும் பழைய ஞானஸ்நானப் புத்தகம் ஒன்றைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்து இணையத்தில் ஏற்றியிருந்தார்கள். ஊர்ப் பெயரைத் தட்டினால் அந்த ஊர்க்காரர்கள் இருக்கும் பக்கங்கள் வந்து நிற்கும்.

அனு ஊர்ப் பெயரைத் தட்டினாள். வந்தது ஒரே ஒரு வரி. “1943 பிப்ரவரி 11. பெயர் அந்தோணி. தகப்பன் மாடசாமி. தாய் முருகம்மாள்.”

ஞாயிற்றுக்கிழமை காலை அவள் அதைப் படத்தோடு குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டாள். “நம்ம தாத்தா கிடைச்சிட்டார்” என்று எழுதி நாலு இதயப் படம். பாண்டியராஜ் கறிக்கடையில் வரிசையில் நின்றபோது அதைப் பார்த்திருக்கிறார். கறி வாங்காமல் வீட்டுக்கு ஓடியிருக்கிறார்.

மறுநாள் டீக்கடையில் வைத்துப் போனை என் முன்னால் நீட்டினார். அந்த வரியை நான் படித்தேன். கடைசியில் பக்கத்தின் ஓரமாக ‘அஞ்’ என்று இரண்டு எழுத்து இருந்தது. மீதி எழுத்துகள் புத்தகத்தின் மடிப்புக்குள் போய்விட்டன.

“அப்பாவோட பள்ளிக்கூட சர்டிஃபிகேட்ல 1944 ஜூன் ஒண்ணாம் தேதின்னு இருக்கு, அண்ணாச்சி. அது வாத்தியார் காதைத் தொடச் சொல்லிப் போட்ட தேதி. ஒரு வருஷம் முன்னப்பின்ன இருக்கும்லா. அப்ப இது எங்கப்பாவாத்தான் இருக்கணும்” என்றார்.

“இருந்துட்டுப் போகட்டும். என்ன இப்ப?”

“என்ன இப்பவா? எங்கப்பா வேதத்துல சேர்ந்தவருன்னு ஆகுதே. அப்ப நான் யாரு?”

எனக்குச் சட்டம் தெரியாமலில்லை. எஸ்.சி.யில் பிறந்தவர் வேதத்தில் சேர்ந்துவிட்டால் அரசாங்கக் கணக்கில் அவர் எஸ்.சி. இல்லை, பி.சி. அதற்குப் பிறகு திரும்பி வந்தவர்கள், அவர்களுடைய பிள்ளைகள் என்று வக்கீல்கள் ஆயிரம் விளக்கம் சொல்வார்கள். ஆனால் அந்த நேரத்தில் எனக்குத் தோன்றியது விளக்கம் இல்லை, கேலிதான். ‘அஞ்’ என்ற எழுத்தைக் காட்டி, “பாரும், அஞ்சுன்னு எழுதிருக்கான். உம்ம குடும்பமே அப்பயே பயந்த குடும்பம்தான் போலிருக்கு” என்றேன். சிரிக்கவில்லை அவர். விட்டிருக்கலாம். நான் விடவில்லை. ஆபீசுக்குப் படியேறும்போது, “வாரும் அந்தோணி, நேரமாச்சு” என்று உரக்கக் கூப்பிட்டேன்.

மேலே படியில் துரைப்பாண்டி நின்றுகொண்டிருந்தான். பதவி உயர்வுப் பட்டியலில் பாண்டியராஜுக்கு அடுத்த பெயர் அவனுடையது.

“யாரு அண்ணாச்சி அந்தோணி?” என்றான்.

நான் சொன்னேன். வேடிக்கைக் கதை சொல்கிற மாதிரி எல்லாவற்றையும் சொன்னேன். எந்த வெப்சைட் என்று கேட்டான், அதையும் சொன்னேன். சொல்லி முடித்தபிறகுதான் பாண்டியராஜின் முகத்தைப் பார்த்தேன். ரத்தம் வடிந்துபோயிருந்தது. என் வாயைப் பற்றி என் மனைவி ராஜராஜேஸ்வரி முப்பது வருஷமாகச் சொல்லி வருவதெல்லாம் உண்மை என்று அந்த ஒரு நிமிஷத்தில் ஒப்புக்கொண்டேன்.

அதிலிருந்து அவர் பட்டதை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். அனுவைத் திட்டி அந்தப் படத்தைக் குழுவிலிருந்து அழிக்க வைத்திருந்தார். பிறந்ததிலிருந்து அவளைத் திட்டியதே இல்லையாம். “நம்மளப் பத்தி ஒருத்தன் எழுதி வச்சிருக்கது இந்த ஒரு வரிதான்ப்பா” என்று சொல்லி அழுதிருக்கிறாள். அழித்து என்ன பிரயோஜனம்? அதற்குள் திருப்பூரில் இருக்கும் சித்தப்பா மகன் அதை எடுத்துத் தன் ஸ்டேட்டஸில் வைத்துவிட்டான். அவனுக்குப் போன் போட்டு, காரணத்தைச் சொல்லவும் பயந்து, “அதை எடுத்துருடே, எடுத்துருடே” என்று மட்டும் கெஞ்சியிருக்கிறார். அவன் எடுத்தான். யார் யார் பார்த்தார்களோ தெரியாது.

புதன்கிழமை நெற்றி முழுக்கத் திருநீறு பூசி, நடுவில் குங்குமம் வைத்து வந்தார். அதற்கு முன் அவர் அப்படி வந்ததில்லை. போனில் தன் படத்தை எடுத்துவிட்டுக் கோமதியம்மன் படத்தை வைத்திருந்தார். வீட்டுச் சுவரில், அவருடைய அப்பா காலத்திலிருந்து மாட்டியிருந்த அந்தோணியார் படம் ஒன்று இருந்ததாம். எங்கள் பக்கத்தில் அது அதிசயமில்லை. நேர்த்திக்கடனுக்கு அந்தோணியார் கோயிலுக்குக் கிடாய் கொண்டுபோகிற இந்துக் குடும்பங்கள் எத்தனையோ உண்டு. அந்தப் படத்தைக் கழற்றி, அரிசிப் பானைக்குப் பின்னால் திருப்பி வைத்தாராம். சுவரில் அது இருந்த இடம் மட்டும் வெள்ளையாகச் சதுரமாகத் தெரிந்திருக்கிறது. யாராவது பார்த்து, இங்கே என்ன படம் இருந்தது என்று கேட்டால் என்ன செய்வது என்று மறுபடி பயம். காலண்டரை எடுத்து அங்கே மாட்டினாராம். இதையெல்லாம் அவரே என்னிடம் சொன்னார். சொல்லும்போது சிரிக்க முயன்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வியாழக்கிழமை தலைமை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. பதவி உயர்வுப் பட்டியலில் உள்ள ஐந்து பேருடைய சாதிச் சான்றிதழ் மெய்த்தன்மை விவரத்தை அனுப்ப வேண்டும் என்று இரண்டு வரி. பட்டியல் வந்தால் வழக்கமாக வருகிற கடிதம்தான். ஐந்து பெயர் இருந்தது. பாண்டியராஜ் ஒரு பெயரை மட்டும்தான் படித்தார். கடிதத்தை என் மேசையில் வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்து, சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

மத்தியானம் மொட்டைமாடிக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

“ஒரு விஷயம் யார்ட்டயும் சொல்லல, அண்ணாச்சி” என்றார். “எங்கப்பா வருஷா வருஷம் ஒரு செவ்வாக்கிழமை எங்களை அந்த அந்தோணியார் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போவாரு. எங்களை முன்னால உக்கார வச்சுட்டு, அவரு மட்டும் பின்பக்கம் போவாரு. ஒரு தடவ நான் பின்னாலயே போய்ப் பாத்தேன். அங்கன வேதக்காரங்க கல்லறைச் சுவரு இருக்கு. சுவரைப் பிடிச்சுக்கிட்டுச் சும்மா நிக்காரு. என்னைப் பாத்ததும் மூஞ்சியைத் தொடச்சிட்டு வந்துட்டாரு. வீட்ல யாருக்கும் தெரியாம வேதத்துல இருந்திருக்காரோன்னு இப்பத் தோணுது.”

“தோணுதத வச்சு முடிவு பண்ணாதீரும்.”

“எனக்கு வேலை போனாக்கூடப் பரவாயில்ல. பத்தொன்பது வருஷம் பாத்தாச்சு. அனு மெட்ராஸ்ல அந்த மேசை முன்னால போய் நிக்கப்போறா. அவகிட்ட எவனாவது இந்தப் பக்கத்தைக் காட்டி, இது யாரும்மான்னு கேட்டா? பொய் சொல்லி வேலைக்கு வந்தவன் மகள்னு அவளுக்குப் பேரு வந்துட்டா?” படிப்பக்கம் யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்த்தார். “நான் அறிஞ்சு ஒரு பொய்யும் சொன்னதில்ல, அண்ணாச்சி. ஆனா இத்தன வருஷமும் பொய்யாளாவே இருந்திருக்கேனோன்னு பயமா இருக்கு.”

கீழே இறங்கி வந்தபோது துரைப்பாண்டி தன் மேசையில் தனியாக இருந்தான். பின்னால் போன நான் அவன் போனைப் பார்த்துவிட்டேன். மஞ்சளடித்த தாள், சாய்ந்த எழுத்து. அதே புத்தகம். விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் போனைக் கவிழ்த்து வைத்தான். ஒரு மொட்டைப் பெட்டிஷன் போதும். விசாரணை என்று ஆரம்பித்தால் அது முடிவதற்குள் அனுவின் வேலை கைமாறிவிடும். பயம் என்பது இப்படித்தான் இருக்கும் என்று ஐம்பத்தாறு வயதில் எனக்குத் தெரிந்தது. அதுவும் என் வாயால் வந்த பயம்.

சனிக்கிழமை காலை என் வண்டியில் அவரை ஏற்றிக்கொண்டு போனேன். வர மாட்டேன் என்றார். அங்கே போய்க் கேட்டால் நாமே காட்டிக்கொடுத்த மாதிரி ஆகிவிடும் என்றார். “இணையத்துல இருக்கது ஒரு வரி. புத்தகத்துல என்ன இருக்குன்னு பாக்காம எத்தன நாளைக்குவே செத்துப் பொழைப்பீரு?” என்று சத்தம் போட்டபிறகுதான் ஏறினார். ஏறியவர் நெற்றித் திருநீற்றை அழிப்பதா வேண்டாமா என்று குருவிகுளம் வரைக்கும் கேட்டுக்கொண்டே வந்தார்.

வேதக்கோயிலில் சாமியார் இல்லை, பூசைக்குப் பக்கத்து ஊர் போயிருந்தார். உபதேசியார் இருந்தார். சாமியாருக்கு உதவியாக இருந்து ஊர்க் காரியங்களையும் பதிவேடுகளையும் கவனிக்கிறவர், அறுபது வயதிருக்கும். வம்சாவளி எழுதுகிறோம் என்று நான் சொன்னேன். பாண்டியராஜ் எனக்குப் பின்னால் நின்றார்.

“எல்லாம் அந்தப் பயலுவ நெட்ல போட்டதுல இருந்து வாராங்க” என்று சொல்லிக்கொண்டே உபதேசியார் பீரோவைத் திறந்து புத்தகத்தை எடுத்து வந்தார். துணியில் சுற்றியிருந்தது. தேதியைச் சொன்னேன். பக்கத்தைக் கண்டுபிடித்து, மடிப்பை இரண்டு கட்டைவிரலாலும் மெதுவாக அகட்டினார். ‘அஞ்’ என்பதற்குப் பின்னால் மறைந்திருந்த எழுத்துகள் வெளியே வந்தன. அவர் வாய்க்குள் படித்தார். உடனே சத்தமாகச் சொல்லாமல் எங்களை நிமிர்ந்து பார்த்தார்.

பாண்டியராஜ் என் முழங்கையைப் பிடித்தார். பிடி வலித்தது.

“சார், நீங்க தப்பா நெனைக்கக் கூடாது” என்றார் உபதேசியார். “அந்தக் காலத்துல எங்க ஆளுக இப்பிடித்தான் எழுதுவாங்க. ‘அஞ்ஞானிகள் பிள்ளை, சாவாபத்தில் தண்ணீர் வார்த்தது’ன்னு இருக்கு.”

“அஞ்ஞானிகள்னா?” என்று என் முதுகுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

“வேதத்துல இல்லாதவங்க. உங்கள மாதிரி சாமி கும்பிடுதவங்களைச் சொல்லுதது. இப்ப அந்த வார்த்தையெல்லாம் சொல்லப்பிடாது. தாய்தகப்பன் வேதக்காரங்க இல்ல. பிள்ளை சாகக் கெடந்திருக்கு. அப்ப இங்கன மருந்து குடுக்க ஒரு கன்னியாஸ்திரி மடத்தம்மா இருந்தாங்க. பொழைக்காதுன்னு தெரிஞ்ச பிள்ளைக்குத் தண்ணி ஊத்தி ஒரு பேர வச்சிருவாங்க. தாய்தகப்பன் அவங்க சாமியத்தான் கும்பிட்டுக்கிட்டு இருந்திருப்பாங்க. இருங்க, அடக்கப் புத்தகத்தையும் பாத்துருவோம்.”

அடக்கப் புத்தகம் பொடிந்துபோகும் என்று அதை இணையத்தில் ஏற்றவில்லையாம். பிப்ரவரி 12-ஆம் தேதியில் இருந்தது. மாடசாமி மகன் அந்தோணி, வயது ஒன்பது நாள். உபதேசியாருக்கு அதோடு நிற்கத் தோன்றவில்லை. விரலை வைத்துக்கொண்டே பின்னால் பின்னால் போனார். 1941-இல் மாடசாமி மகள் மரியாள், வயது நாலு மாதம். 1939-இல் மாடசாமி மகன் சவேரியார், வயது ஒன்றரை.

“உங்கப்பா இவங்களுக்குப் பொறவு பொறந்தவரா? அவரு பேரென்ன?”

“மூக்காண்டி” என்றார் பாண்டியராஜ்.

உபதேசியார் புத்தகத்தை மூடிவிட்டார். “இத மொதல்லயே சொல்லிருந்தா புத்தகத்தயே எடுத்திருக்க வேண்டாமே, சார். பிள்ளைக வரிசையாச் செத்துச்சுன்னா, அடுத்தாப்ல பொறந்ததக் குப்பையில போட்டு எடுத்து, மூக்கைக் குத்தி விட்டுருவாங்க. இது வேண்டாத பிள்ளைன்னு எமனை ஏமாத்துததுக்கு. அந்தப் பிள்ளைக்குல்லா மூக்காண்டின்னு பேரு. பேர்லயே இருக்கே, இவருக்கு முன்னால போனதெல்லாம் போச்சுன்னு.”

பாண்டியராஜ் தன் மூக்கின் இடதுபக்கத்தைத் தொட்டார். அவர் அப்பாவுக்கு அந்த இடத்தில் சின்னதாக ஒரு குழி இருந்ததாம். அம்மைத் தழும்பு என்று இத்தனை நாளும் நினைத்திருக்கிறார். பள்ளிக்கூடத்தில் பையன்கள் அந்தப் பெயரைச் சொல்லிக் கேலி செய்ததால், எங்கேயும் ‘மூ. பாண்டியராஜ்’ என்று எழுதாமல் இங்கிலீஷில் எம் என்று போட்டே பழகியவர். தகப்பன் பெயரின் அர்த்தத்தை ஓர் அந்நியர் சொல்லிக் கேட்கும்படி ஆயிற்று.

அவர் என் கையை விட்டார். கையெடுத்துக் கும்பிட்டு, “நல்லவேளை, செத்துப்போச்சு” என்றார்.

உபதேசியார் திடுக்கிட்டுப் பார்த்தார். பாண்டியராஜுக்கே தான் சொன்னது காதில் விழ ஒரு நொடி ஆனது. பிறகு வாயைப் பொத்திக்கொண்டார். விறுவிறுவென்று வெளியே போய், கோயிலைச் சுற்றிப் பின்பக்கம் நடந்தார். நான் தாமதமாகத்தான் போனேன். கல்லறைச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். உள்ளே சிலுவை இல்லாத மண்மேடுகளும் முள்ளுச்செடியும்தான் இருந்தன. எந்த மூன்று என்று யாருக்கும் தெரியாது.

“அண்ணன்மாரையும் அக்காவையும் பாக்க வந்திருக்காரு, அண்ணாச்சி” என்றார். “எங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லலியே. நான் என்னடான்னா அது செத்ததுக்குக் கும்பிடுதேன். எங்க ஆச்சி முருகம்மா இதக் கேட்டிருந்தா என்ன நெனச்சிருப்பா?” வாய்விட்டு அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அந்த ஒருநாள்தான். எனக்கும் கண் நிறைந்துவிட்டது.

ஆனாலும் பயம் அவரை விட்டபாடில்லை. முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, அந்த அடக்கப் பதிவுக்கு ஒரு சான்று எழுதித் தர முடியுமா என்று கேட்டார். உபதேசியார் எழுதினார். மாடசாமி மகன் அந்தோணி இன்ன தேதியில் ஞானஸ்நானம் பெற்று இன்ன தேதியில் அடக்கம் செய்யப்பட்டார் என்று மூன்று வரி. பூசை முடிந்து வந்த சாமியார் கையெழுத்துப் போட்டு, கோயில் முத்திரை வைத்தார்.

“அந்த அஞ்ஞானிகள் பிள்ளைங்கிறதையும் எழுதிருங்க, சாமி” என்றார் பாண்டியராஜ். தன் வீட்டாரை அப்படி எழுதச் சொல்லி ஒருவர் கெஞ்சியதை அந்தச் சாமியார் முன்னும் பின்னும் கேட்டிருக்க மாட்டார்.

“அந்த வார்த்தைய இப்ப நாங்க எழுதுறதில்ல. யாரையும் அப்படிச் சொல்லக் கூடாதுன்னு நாங்களே விட்டுட்டோம்” என்றார் அவர் மரியாதையாக.

“அப்ப இந்துப் பெற்றோர்னாவது?”

“புத்தகத்துல இந்துன்னு இல்லையே. இல்லாததை எழுத முடியாது.”

திரும்பி வரும்போது பாதி வழியில், ஒரு மரமும் இல்லாத இடத்தில், வண்டியை நிறுத்தச் சொன்னார். பையிலிருந்து சாமியார் சான்றைப் போட்டுக் கொடுத்த பழுப்புக் கவரை எடுத்து மறுபடி படித்தார். எங்கள் இரண்டு பேரையும் தவிர ரோட்டில் ஆளில்லை. அப்படியும் முன்னும் பின்னும் பார்த்தார்.

“இதுல மாடசாமின்னு இருக்கு. அந்தோணின்னு இருக்கு. ஞானஸ்நானம்னு இருக்கு. வேதக்கோயில் சீல் இருக்கு. தாய்தகப்பன் வேதக்காரங்க இல்லங்கிறது மட்டும் இல்ல. அரைகுறையாப் படிக்கவன் கையில இது கெடச்சா என்ன ஆகும், அண்ணாச்சி? நெட்ல இருக்கது வெறும் படம். இது சீல் வச்சு நானே வாங்கின சாட்சி.”

“அப்ப கிழிச்சுப் போட்டுரும்.”

“எப்பிடிக் கிழிக்க? அந்தப் பிள்ளைக்கு இது ஒண்ணுதான இருக்கு.” தாளை மடித்துக் கவருக்குள் போட்டார். பிறகு என்னிடம் நீட்டினார். “உங்ககிட்ட இருக்கட்டும். தேவைப்பட்டா வாங்கிக்கிடுதேன்.”

வாங்கிக்கொண்டு வந்து எங்கள் வீட்டுப் பீரோவில், நிலப் பத்திரங்களோடு வைத்தேன்.

திங்கட்கிழமை துரைப்பாண்டியை நானே மொட்டைமாடிக்குக் கூப்பிட்டேன். சண்டைக்குத் தயாராகத்தான் போனேன். அவன் எனக்கு முன்னால் பேசினான். “அண்ணாச்சி, யார்ட்டயும் சொல்லிராதீங்க. நானும் எஸ்.சி. கோட்டாவுல வந்தவன்தான், எங்க ஆச்சியும் அந்தப் பக்கத்து ஊருதான். அவ பேரு அதுல இருக்கான்னு நாலு நாளாத் தேடுதேன். கண்ணே பூத்துப் போச்சு. நீங்க கொஞ்சம் பாத்துச் சொல்லுதீங்களா?” அவன் முகமும் பாண்டியராஜ் முகம் மாதிரியே இருந்தது. யாரும் யார் மேலேயும் பெட்டிஷன் போடவில்லை, போடுவதாகவும் இல்லை. இருவரும் ஒருவருக்கொருவர் பயந்து, இரண்டு மேசை தள்ளி உட்கார்ந்திருந்தார்கள். நான் நடுவில் உட்கார்ந்து கேலி செய்துகொண்டிருந்திருக்கிறேன்.

அடுத்த மாதம் அனு சென்னைக்குப் போனாள். பாண்டியராஜும் கூடப் போய், அந்தக் கட்டடத்துக்கு எதிரே வெயிலில் மூன்று மணி நேரம் நின்றிருக்கிறார். அனு சிரித்துக்கொண்டே வெளியே வந்தாளாம். சாதிச் சான்றிதழை ஓர் அம்மாள் வாங்கி, எண்ணைச் சரிபார்த்து, திருப்பிக் கொடுத்துவிட்டார். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. தாத்தா பேச்சே வரவில்லை. இரண்டு மாதத்தில் நியமன உத்தரவு வந்தது, தென்காசியில் வேலை. பாண்டியராஜுக்கும் பதவி உயர்வு வந்துவிட்டது. அனு தன் வம்சாவளித் தாளில் மூக்காண்டிக்கு மேலே மூன்று பிள்ளைகளின் பெயரையும் எழுத வேண்டும் என்றிருக்கிறாள். “நீ பென்ஷன் வாங்கின பொறவு எழுது, மக்கா” என்று சொல்லிவிட்டாராம்.

உத்தரவு வந்த வாரம் நான் அந்தக் கவரைப் பைக்குள் வைத்து ஆபீசுக்குக் கொண்டுபோனேன். “எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது. இனி என்னவே பயம்? உம்ம வீட்டுப் பிள்ளை, உம்ம வீட்ல இருக்கட்டும்” என்று நீட்டினேன்.

அவர் கை நீட்டவில்லை. பழுப்புக் கவரை அவர் பார்த்த பார்வை மட்டும் மாறவே இல்லை.

“உங்க வீட்லயே இருக்கட்டும், அண்ணாச்சி” என்றார். “உங்க வீட்ல யாரு வந்து தேடப்போறா?”

குத்திக்காட்டுவதற்காக அவர் அதைச் சொல்லவில்லை. நன்றி சொல்கிற குரலில்தான் சொன்னார்.